சாயம் ஏற்றிய நாய்ப் பட்டைக்கு எந்தப் பூச்சு?

தோலில் நாய்க்குக் கழுத்துப்பட்டை செய்யப் பழகுபவர்கள் வெட்டுவதையும் தைப்பதையும் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். சிக்கல் வருவது கடைசியில்தான். கருநீலச் சாயம் ஏற்றிப் பளபளவென்று முடித்த பட்டை, முதல் மழையிலேயே நாயின் கழுத்தில் நீல வளையம் போட்டுவிடும். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வளர்க்க அனுமதி உள்ளவை பெரும்பாலும் சிறிய இனங்கள். பூடில், மால்டீஸ், ஷிட்சு என்று வெள்ளையும் கிரீம் நிறமுமாக எத்தனையோ நாய்களைப் புளோக்குக்குக் கீழே தினமும் பார்க்கிறோம். அந்த முடியில் ஏறிய சாயம் ஒரு குளியலில் போகாது.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் கேட்பது, “எந்தப் பூச்சு அடித்தால் தண்ணீர் புகாது?” என்றுதான். அதை இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சாயத்தை உள்ளேயே நிறுத்துவது ஒரு வேலை, தண்ணீரை வெளியே நிறுத்துவது இன்னொரு வேலை. முதல் வேலையை நன்றாகவே செய்து முடிக்கலாம். இரண்டாவது ஓரளவுக்குத்தான் நடக்கும். பக்கிள் ஊசி போகும் துளைகள், தையல் துளைகள், வெட்டிய ஓரங்கள் என்று தண்ணீர் நுழையப் பட்டை முழுக்க வழி இருக்கிறது.

நம் ஊரில் விடியற்காலைக் காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இங்கே பட்டையை எல்லாப் பக்கமும் பிளாஸ்டிக் மாதிரி மூடிவிட்டால், துளை வழியாகப் போன ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நுழைந்த ஈரம் வெளியேறவும் வழி வேண்டும். பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்காதீர்கள்.

தோலும் சாயமும்

பட்டைக்கு வெஜ் டான் தோல் வாங்குங்கள். மரப்பட்டை, காய் போன்றவற்றின் துவர்ப்புச் சாற்றில் பதனிட்ட தோல் அது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவார்களே, அதே குடும்பம். சாயத்தை நன்றாகக் குடிக்கும், ஓரத்தைத் தேய்த்து மெருகேற்றலாம். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் டான் தோல் மென்மையானது, தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஆனால் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே நிறமேற்றி, மேற்பூச்சும் போட்டு வருவதால் நாம் செய்ய அதிகம் இல்லை. சிறிய நாய்க்கு 2 முதல் 2.5 மில்லிமீட்டர் தடிமன் போதும். பெரிய நாய்க்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் எடுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. குதிரைச் சேணத்துக்குப் பயன்படும் பிரைடில் தோலில் சாயமும் கொழுப்பும் மெழுகும் பதனிடும் இடத்திலேயே ஊட்டப்பட்டிருக்கும். விலை கூடுதல்தான். சாயம் கலப்பதில் ஆர்வமில்லை, உழைக்கும் பட்டை கிடைத்தால் சரி என்பவர்கள் அதை வாங்கி வெட்டித் தைத்துவிடலாம். கீழே சொல்லப்போவதில் பாதி வேலை மிச்சம்.

சாயத்தைப் பொறுத்தவரை, ஃபீபிங்ஸ் புரோ டை போல ஆல்கஹாலில் கரைந்த சாயம் வெஜ் டான் தோலில் ஆழமாக இறங்கும். தண்ணீரில் கரைத்த சாயத்துக்கு வாடை குறைவு. ஆனால் சில வகைகள் மறுபடி தண்ணீர் பட்டதும் இளகிவிடும். மழையில் நனையப்போகும் பட்டைக்கு நான் ஆல்கஹால் சாயத்தையே எடுப்பேன். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பெல்லாம் அணைத்த பிறகு வேலை செய்யுங்கள். இந்தச் சாயம் சட்டென்று தீப்பிடிக்கும்.

வெட்டுவது, துளையிடுவது, ஓரத்தைச் சீவுவது எல்லாம் முடிந்த பிறகே சாயம் ஏற்ற வேண்டும். அப்போதுதான் துளையின் உட்சுவரிலும் நிறம் ஏறும். முழுசாகக் காய ஒரு நாளாவது விடுங்கள்.

வெள்ளை நாய்க்குக் கறுப்பு, கருநீலம், சிவப்பு என்று அடர்நிறப் பட்டை கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான். வெளிப்பக்கம் மட்டும் நிறம். உள்பக்கத்துக்குச் சாயமே ஏற்றாத மெல்லிய தோலை ஒட்டித் தைத்துவிடுவேன். எந்தப் பூச்சைவிடவும் இது உறுதியான பாதுகாப்பு. வெளிப்புறத் தோலுக்கு முதலில் சாயம் ஏற்றி, துடைத்து, காயவிட்டு, அதன் பிறகு ஒட்டுங்கள். ஒட்டிய பின் சாயம் ஏற்றினால் ஓரத்தின் வழியாகச் சாயமேற்றாத தோலுக்குள் கசிந்துவிடும்.

துடைப்பதில்தான் பாதி வெற்றி

சாயம் காய்ந்ததும் தோலின் மேல் ஒட்டாத நிறத்துகள்கள் தூசியாக உட்கார்ந்திருக்கும். எந்தப் பூச்சும் இந்தத் தூசியைத் தோலோடு கட்டிப்போடாது. அதை அப்படியே விட்டு மேலே பூச்சு அடித்தால், தூசி பூச்சோடு கலந்துகொள்ளும். பூச்சு தேயத் தேய நிறமும் சேர்ந்து வரும்.

பழைய வேட்டித் துணி இதற்கு அருமையான பொருள். வெள்ளையாக இருப்பதால் எவ்வளவு நிறம் வருகிறது என்று தெரியும், நூல் பிசிறும் ஒட்டாது. காய்ந்த துணியால் அழுத்தித் தேயுங்கள், துணியை மடித்து மறுபக்கத்தால் தேயுங்கள். முதலில் துணி கறுக்கும், பிறகு சாம்பல் படியும், கடைசியில் வெறும் நிழல்போலத்தான் நிறம் தெரியும். அப்புறம் துணியை லேசாக நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு ஒரு முறை துடைத்துப் பாருங்கள். மறுபடி திட்டாக நிறம் வந்தால், காயவிட்டு மீண்டும் தேய்க்க வேண்டியதுதான். கறுப்புக்கு இது நிறைய நேரம் பிடிக்கும். கை வலிக்கும், ஆனாலும் விடாதீர்கள்.

ஆல்கஹால் சாயம் தோலின் இயற்கை எண்ணெயை இழுத்துவிடும் என்பதால், துடைத்து முடித்ததும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயை (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) பட்டும் படாமலும் ஒரு கை தடவுங்கள். ஒரு நாள் ஊறட்டும். நிறைய தடவினால் அடுத்து வரும் அக்ரிலிக் ஒட்டாது. வீட்டில் கைக்குக் கிடைக்கும் தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஏறத்தாழ 24 டிகிரியிலேயே அது உருகிவிடுவதால் இங்கே எப்போதும் திரவமாகத்தான் இருக்கும், தோலிலிருந்து கசிந்து முடியில் பிசுக்கு ஏற்றும். நாயும் சும்மா இருக்காது, நக்கிக்கொண்டே இருக்கும். நல்லெண்ணெயும் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும்.

பூச்சுகளில் எதை எடுப்பது

கடையில் வரிசையாகக் குப்பிகள் நிற்கும். எல்லாவற்றிலும் ‘பாதுகாப்பு’ என்ற பொருளில் ஏதாவது எழுதியிருக்கும். நாய்ப் பட்டைக்கு உண்மையில் பயன்படுவது அக்ரிலிக், மெழுகு இரண்டும்தான்.

அக்ரிலிக் பூச்சுக்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு ஃபீபிங்ஸ் ரெசொலீன். பால்போல் இருக்கும், காய்ந்ததும் ஒளி ஊடுருவும் மெல்லிய படலமாகிவிடும். சாயத்தை உள்ளே நிறுத்த இதைப்போல வேறில்லை. மஞ்சள், ஆரஞ்சு, வெளிர் பச்சை போன்ற நிறங்களின் சாயலையும் அதிகம் மாற்றாது. குறையும் உண்டு. தடிமனாக அடித்தால் பிளாஸ்டிக் உறைபோல மினுங்கும், பக்கிள் பக்கம் தோல் மடியும் இடத்தில் மெல்லிய கோடுகளாக வெடிக்கும், பிறகு உரியும். குப்பியிலிருந்து அப்படியே எடுத்துப் பூசுவதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. சம அளவு தண்ணீர் கலந்து மெல்லிசாகப் பூசினால் தோலோடு சேர்ந்து வளையும்.

மெழுகு தோலுக்குள் இறங்கி இழைகளுக்கு இடையே நிற்கிறது. மேலே படலம் கிடையாது, ஆகவே வெடிக்கவும் உரியவும் எதுவும் இல்லை. கீறல் விழுந்தால் விரலால் தேய்த்தாலே மறையும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். ஆனால் சாயத்தைத் தடுப்பதில் அக்ரிலிக் அளவுக்கு வராது, நிறத்தையும் அடர்த்தியாக்கிவிடும். அடர் பழுப்புக்கும் கறுப்புக்கும் அது அழகு. வெளிர் நீலத்துக்குப் போட்டால் நீங்கள் ஆசைப்பட்ட நிறம் கிடைக்காது. மேலும் மெழுகு நிரந்தரமில்லை, அவ்வப்போது மறுபடி ஏற்ற வேண்டும்.

நான் சொல்வது இரண்டையும் சேர்த்து, ஆனால் இடம் பிரித்து. நிறம் தெரியும் மேல்புறத்துக்கு மெல்லிய அக்ரிலிக். ஓரம், துளைகள், சதைப்புறம் (தோலின் சொரசொரப்பான அடிப்பக்கம்) மூன்றுக்கும் மெழுகு மட்டும். மேல்புறத்தில் சாயம் நிற்கும், சதைப்புறம் வழியாக ஈரம் மெதுவாக வெளியேறும். முதலில் அக்ரிலிக், பிறகுதான் மெழுகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மெழுகு ஏறிய இடத்தில் அக்ரிலிக் ஒட்டவே ஒட்டாது.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. டான்-கோட் போன்ற பிசின் பூச்சுகள் நல்ல மெருகு தரும், ஆனால் தண்ணீரைத் தாங்காது. வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். லாக்கரும் மரச்சாமானுக்கு அடிக்கும் பாலியூரித்தேனும் நாளடைவில் விறைத்து, வளையும் இடத்தில் நொறுங்கும். சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்துவிட்டால் பிறகு வேறு எதுவும் அதன்மேல் சரியாகப் பிடிக்காது.

மேல்மாடி அக்கா ஒருவர் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது கேட்டார், “ஏன் தம்பி, காலணிக்கு அடிக்கிற வாட்டர்புரூஃப் ஸ்ப்ரே இதுக்கும் ஆகாதா?” அடிக்கலாம், கொஞ்ச நாள் தண்ணீர் நிற்காமல் ஓடும். ஆனால் சாயத்தை அது நிறுத்தாது. பல ஸ்ப்ரேக்களில் ஃபுளோரின் சேர்ந்த வேதிப்பொருள்கள் இருக்கும். நாள் முழுக்கக் கழுத்தில் உரசிக்கொண்டு, பக்கத்து நாய் வந்து நக்கவும் செய்யும் பொருளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பூசும் முறை

அக்ரிலிக்கைச் சம அளவு தண்ணீரில் கலக்குங்கள். குலுக்காதீர்கள், நுரை வந்தால் காயும்போது குமிழ்ப் புள்ளிகளாக நின்றுவிடும். ஈரப்படுத்திப் பிழிந்த பஞ்சால் ஒரே திசையில் நீளவாக்கில் இழுங்கள். ஒரு தடவை போன இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் சாயம் கிளம்பிக் கோடு விழும். முதல் பூச்சில் பஞ்சில் கொஞ்சம் நிறம் ஒட்டத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். இரண்டாவதில் குறைய வேண்டும். குறையாவிட்டால் துடைத்தது போதவில்லை என்று அர்த்தம்.

இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகள் போதும். மழை நாளில் ஜன்னலோரம் வைத்தால் காயவே காயாது, பிசுபிசுப்பு அப்படியே நிற்கும். குளிர்சாதனம் ஓடும் அறையில் காற்று உலர்ந்திருக்கும், அங்கே தொங்கவிடுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே தொட்டுப் பார்த்து, ஒட்டாமல் இருந்தால் மட்டும் அடுத்தது. கடைசிப் பூச்சுக்குப் பிறகு சில நாள் சும்மா விட்டுவிட்டுத்தான் நாய்க்குப் போட வேண்டும்.

ஓரத்தில் டோக்கோனோல் என்ற மெருகுப் பசை அல்லது டிராகாகாந்த் என்ற செடிப் பிசின் தடவி, மர உருளையால் சூடு பறக்கத் தேய்த்து இறுக்குங்கள். அதன்மேல் தேன்மெழுகு.

மெழுகுக் கலவையை வீட்டிலேயே செய்யலாம். எடையில் ஒரு பங்கு தேன்மெழுகு, ஒரு பங்கு நீட்ஸ்ஃபுட் எண்ணெய். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். நம் வெயிலில் நிறுத்திய காருக்குள் பட்டையை விட்டுச் செல்பவர்கள், 82 டிகிரிக்கு மேல் உருகும் கார்னோபா மெழுகைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் கலவை இளகிப் பிசுபிசுக்காது. இதெல்லாம் மெனக்கெட நேரமில்லை என்றால் ஸ்னோ-சீல் போன்ற தேன்மெழுகுப் பசையை வாங்கிக்கொள்ளலாம்.

தலைமுடி உலர்த்தியால் தோலை இளஞ்சூடாக்கி, மெழுகை விரலால் தேய்த்து இறக்குங்கள். துளைகளுக்குள் பல்குத்தும் குச்சியில் துணி சுற்றித் தடவுங்கள். தோல் எலும்புபோல் காய்ந்திருந்தால் மட்டுமே சூடு காட்டலாம். ஈரமான வெஜ் டான் தோல் ஏறத்தாழ 70 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கும், சுருங்கியது மறுபடி நேராகாது. மெழுகு ஆறியதும் மிச்சத்தைத் துடைத்தெடுத்து, குதிரைமுடிப் பிரஷால் மெருகேற்றுங்கள்.

பக்கிளும் வளையமும் கெட்டிப் பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும். ஈரமான வெஜ் டான் தோலில் இரும்பு பட்டால் கன்னங்கரேலென்று கறை விழும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு வருவதும் இரும்பும் கடுக்காய்த் துவர்ப்பும் சேர்ந்துதான். அந்தக் கறையை எந்தப் பூச்சாலும் தடுக்க முடியாது. நூலுக்குப் பாலியெஸ்டர் நல்லது, பருத்தி நூல் இங்கே இற்றுப்போகும்.

நாய்க்குப் போடுவதற்கு முன்

பட்டை வெட்டும்போதே அதே தோலில் ஒரு விரல் நீளத் துண்டை எடுத்து வையுங்கள். பட்டைக்குச் செய்ததையெல்லாம் அதற்கும் செய்யுங்கள். சோதனையெல்லாம் துண்டில்தான்.

முதலில் விரலைச் சுற்றி இரு பக்கமும் பலமுறை வளையுங்கள். படலத்தில் வெண்கோடு தெரிந்தால் பூச்சு தடித்துவிட்டது. அடுத்து மேலே ஒரு சொட்டுத் தண்ணீர். மேல்புறத்தில் அது முத்தாக நிற்க வேண்டும். சதைப்புறத்தில் சில நிமிடம் நின்றுவிட்டு மெல்ல இறங்கினால் பரவாயில்லை. உடனே கறுத்து உறிஞ்சினால் மெழுகு போதவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துத் துண்டைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, உள்ளங்கைச் சூட்டில் அல்லது வெயில் படும் இடத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். நனைந்த கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இருக்கும் நிலை ஏறத்தாழ இதுதான். பிரித்துப் பார்த்தால் துணி வெள்ளையாக இருக்க வேண்டும். வெட்டிய ஓரம் பட்ட இடத்தில் மட்டும் கோடு தெரிந்தால் ஓரத்தை மறுபடி மூட வேண்டும். முழுக்கத் திட்டாக வந்தால் சாயத்தைத் துடைத்தது போதவில்லை. பூச்சை மேலே மேலே அடுக்காதீர்கள், பயனில்லை. கடற்கரைக்கு அழைத்துச் செல்பவர்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பு கரைத்து அதிலும் இதே சோதனையைச் செய்யுங்கள், கடல்நீரின் உப்பு ஏறத்தாழ அந்த அளவு. நாய் ஷாம்பு கலந்த நீரிலும் ஒரு முறை பாருங்கள்.

எந்த நாய்க்குத் தோலே வேண்டாம்

காலை மாலை நடை, நடுவில் ஒரு மழை என்று இருக்கும் நாய்க்கு மேலே சொன்னது தாராளம். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் ஒவ்வொரு வாரமும் கடலில் இறங்கும் நாய்க்கோ, நீச்சல்குளத்துக்குப் போகும் நாய்க்கோ தோல் பட்டை வேண்டாம். உப்பும் குளோரினும் மெழுகையும் எண்ணெயையும் அரித்துத் தோலை விறைக்கச் செய்துவிடும். பாலியெஸ்டர் நாடாமேல் பிளாஸ்டிக் பூசிய பயோதேன் பட்டை அவற்றுக்குச் சரி. தோல் பட்டை நடைக்கு, பயோதேன் தண்ணீருக்கு என்று இரண்டு வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. பல் முளைக்கும் குட்டிக்கும் சாயத்தோல் கொடுக்காதீர்கள். கடிக்கும், விழுங்கும்.

போட்ட பிறகு

நனைந்தால் வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். ஈரப்பட்டை கழுத்தில் கிடந்தால் முடிக்கு அடியில் தோல் புண்ணாகும், அடர்முடி நாய்களுக்கு இது வெளியே தெரியவும் தெரியாது. பட்டையைத் துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் தொங்கவிடுங்கள். துணி காயப்போடும் கம்பில் மாட்டி வெயிலில் நீட்ட வேண்டாம், விறைத்துப்போகும். கடல்நீர் பட்டால் முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்தெடுங்கள்.

கைச்சுத்திகரிப்பான் தடவிய கையோடு பட்டையைப் பிடிக்காதீர்கள். அதில் உள்ள ஆல்கஹால் அக்ரிலிக்கை இளக்கும், சாயத்தையும் கரைக்கும். பூஞ்சையைத் துடைக்க ஆல்கஹால் பயன்படுத்தச் சொல்வார்கள். சாயத்தோலுக்கு அது ஆகாது. வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் தொட்டு லேசாகத் துடைத்து, காற்றில் காயவிட்டு, மெழுகு ஏற்றுங்கள்.

மாற்றுப் பட்டை வைத்திருந்தால் பாம் ஷெல்டர் அறையில் (வீட்டுக்குள் இருக்கும் தடித்த சுவர்ப் பாதுகாப்பு அறை) போடாதீர்கள். காற்றோட்டமில்லாமல் அடைந்து கிடக்கும் அந்த அறையில் தோலில் வெண்பூஞ்சை சீக்கிரமே பூத்துவிடும். வரவேற்பறைக் கதவருகே ஆணியில் தொங்கட்டும்.

மறுபடி மெழுகு ஏற்றுவதற்கு நாட்காட்டி பார்க்க வேண்டாம். நாய் வழக்கமாகப் போடும் துளையைச் சுற்றித் தண்ணீர் சொட்டு உருளாமல் பரவத் தொடங்கினால் நேரம் வந்துவிட்டது. அந்தத் துளைக்கும் பக்கிள் மடிப்பின் உள்பக்கத்துக்கும் முதலில் தடவுங்கள், பட்டை அறுவது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான்.